முதலாளி வீட்டுக் கார்

நான் வேலை செய்யும் காப்புறுதிக் கொம்பனிக்கு முதலாளி கிடையாது. அதில் காருக்குக் காப்புறுதி எடுத்த ஒவ்வொருவரும் அதன் சொந்தக்காரர்தான். மிச்சம் வந்தால் அவர்களுக்கே திரும்பிப் போகும், நட்டம் வந்தாலும் அவர்கள் தலையில்தான் விழும். ஆங்கிலத்தில் இதற்கு மியூச்சுவல் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களை ஓர் அறையில் இருத்தி இதைப் பாடமாகவே எடுத்தார்கள். அன்று இரவு சாப்பிடும்போது பேச்சுவாக்கில் அப்பாவிடம் சொன்னேன். அப்பாவின் காரும் அதே கொம்பனியில்தான் இருந்தது. அவர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"அப்ப நானும் முதலாளியோ?"

ஒரு விதத்தில் அப்படித்தான் என்றேன். அந்த 'ஒரு விதத்தில்' அவருடைய காதில் ஏறவே இல்லை.

அப்பா கனடாவுக்கு வந்த காலத்தில் பார்க்டேலில் ஓர் அறைக்குள் நாலைந்து பேரோடு படுத்தெழும்பி, உணவகங்களில் கோப்பை கழுவி, பிறகு ஒரு தொழிற்சாலையில் நின்று ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் எங்கேயும் முதலாளியாக இருந்ததில்லை. கிடைத்த பதவியை அவர் சும்மா விடவில்லை. உறைமழை பெய்யும் நாட்களில் டோர்செட் பார்க்கில் எங்கள் அடுக்குமாடியின் பல்கனியில் நின்று, கீழே வீதியில் கார்கள் சறுக்குவதைப் பார்த்துத் தலையில் கை வைப்பார். நெடுஞ்சாலையில் யாராவது குறுக்கே வெட்டிப் போனால், எங்கள் உயிரைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை, அவன் 'எங்கட ஆளோ', அதாவது எங்கள் கொம்பனியில் காப்புறுதி எடுத்தவனோ என்பதுதான் கவலை. ஒருநாள் மார்க்கம் நகரில் இருந்த கொம்பனிக் கட்டடத்துக்கு என்னை வேலையில் இருந்து கூட்டிப்போக வந்தவர், வாசலில் இருந்த காவலாளியிடம் மூன்றாம் மாடியில் ஆள் இல்லாமல் விளக்கு எரிகிறது என்று முறைப்பாடு செய்திருந்தார். நான் அடுத்த நாள் அந்தக் காவலாளியின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனேன்.

கொம்பனியின் வரலாறு அவருக்கு மனப்பாடம். அந்தக் காலத்தில் நகரத்துக்கு வெளியே சில விவசாயிகள், ஒருவனுடைய களஞ்சியம் எரிந்தால் மற்றவர்கள் சேர்ந்து கட்டிக் கொடுப்பது என்று தொடங்கிய சங்கம் அது. பிறகு கார் வந்தது. நகரத்து ஆட்கள் கண் மண் தெரியாமல் ஓடுவார்கள், அவர்களோடு கூட்டுச் சேர்ந்தால் நாங்கள் அழிந்தோம் என்று விவசாயிகள் தங்கள் கார்களைத் தங்களுக்குள்ளேயே காப்புறுதி செய்துகொண்டார்கள். பிறகு நகரத்து ஆட்களும் வந்து கேட்டார்கள். விவசாயிகள் மனமிரங்கினார்கள். இப்போது மார்க்கத்தில் கண்ணாடிக் கட்டடம் இருக்கிறது. கார் தெருவில் நின்றால் இழுத்துப் போக வண்டி அனுப்புவோம், எந்த மொழியில் பேசினாலும் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவோம், வீடு, படகு, நாய், பூனை எல்லாவற்றுக்கும் காப்புறுதி கொடுப்போம். நாய் விஷயம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. நாயின் பல்லுக்கு எங்கள் காசு போவதா என்று கேட்டு இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

வருடாந்தக் கூட்டத்துக்கு அப்பா கோட் சூட் போட்டுக்கொண்டு போனார். அங்கே கையை உயர்த்தச் சொன்னபோது உயர்த்திவிட்டு, சான்ட்விச் சாப்பிட்டுவிட்டு, கொம்பனியின் பெயர் அடித்த பனி சுரண்டும் தகடு ஒன்றோடு திரும்பி வந்தார். அன்று மாலை ஊரில் இருந்த சித்தப்பா தொலைபேசியில் என்ன செய்கிறாய் என்று கேட்டதற்கு, டைரக்டர்மாரை நியமித்துவிட்டு இப்போதுதான் வந்தேன் என்று அப்பா சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவருக்கு மியூச்சுவல் என்ற சொல் கடைசிவரை வாயில் வரவில்லை. 'மூச்சுவல்' என்றுதான் சொல்வார். எங்கட மூச்சுவல்.

இப்படியாக முதலாளியின் குடும்பமாக நாங்கள் வாழ்ந்துவந்த காலத்தில்தான் அம்மா கார் வாங்கினார்.

அம்மாவுக்கு மார்க்கத்தில் ஒரு பாண் பேக்கரியில் வேலை. விடிவதற்கு முன் தொடங்கும் வேலை. அதற்கு மூன்று பஸ் மாற வேண்டும், அதில் நடுவில் வரும் பஸ் நினைத்தால் வரும், நினைத்தால் வராது. அப்பாவுக்கு அந்த நேரத்தில் நித்திரை. அம்மா ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு பெண் பயிற்சியாளரிடம் கார் ஓடப் பழகி, இரண்டு தரம் தோற்று, மூன்றாம் தரம் பாஸ் பண்ணி, தன் சம்பளத்தில் சேர்த்ததை எடுத்து ஒரு சின்ன வெள்ளை நிறப் பழைய காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அப்பா அந்தக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எங்கட ரெண்டாவது கார் என்று பக்கத்து வீட்டாருக்கு அறிமுகப்படுத்தினார். காப்புறுதி மட்டும் அம்மாவின் பெயரில் தனியாக எடுக்கப்பட்டபோதுதான் அவருக்கு ஒரு விஷயம் உறைத்தது: இனி வீட்டில் இரண்டு முதலாளிகள்.

அம்மா எடுத்தது ஆகச் சின்னக் காப்புறுதி. அதாவது, மற்றவர் பிழையால் இடிபட்டால் அம்மாவின் காரைக் கொம்பனி திருத்தித் தரும். அம்மாவின் பிழை என்றால் ஒரு சதமும் தராது. கொஞ்சம் கூட எடுங்கோ என்று நான் சொன்னேன். எதற்கு, கோயிலுக்குக் கொண்டு போய்ப் பூசை செய்யத்தானே போகிறோம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

பூசை கோயிலின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. நவம்பர் மாதத்துக் காற்று. ஐயர் வேட்டிக்கு மேல் தடித்த குளிர் ஜாக்கெட் போட்டு, காலில் பனிச் சப்பாத்தோடு வந்தார். கற்பூரம் நாலு தரம் அணைந்தது, அப்பா தன் உடம்பால் காற்றை மறைத்துக்கொண்டு நின்றார். சந்தனம் பூசி, மாலை போட்டு, தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அம்மா அவற்றை நசித்துக்கொண்டு முன்னே போனார். எல்லாம் நல்லபடி முடிந்தது. ஐயருக்கு அடுத்ததாக மார்க்கத்தில் ஒரு புது வீட்டுக் குடிபூரல் இருந்தது. அவர் அவசர அவசரமாகப் போய்த் தன் வான் வண்டியில் ஏறினார். வானின் பின்பக்கம் முழுக்க குடிபூரல் வீட்டு வாசலில் கட்டுவதற்கான வாழைக்குட்டிகள். பின் கண்ணாடியில் இலைகளைத் தவிர வேறொன்றும் தெரியாது.

அம்மா நிறுத்துமிடத்தின் நடுப்பாதையால் ஆமை வேகத்தில் வந்துகொண்டிருந்தார். ஐயர் தன் இடத்தில் இருந்து வானைப் பின்னுக்கு எடுத்தார். தான் ஐந்து நிமிடத்துக்கு முன் ஆசீர்வதித்த காரின் பக்கவாட்டில், சந்தனப் பொட்டுக்குச் சரியாக மேலே, இடித்தார். கதவு உள்ளே போய்விட்டது. முன் சில்லு கோணலாகத் திரும்பி நின்றது.

ஐயர் இறங்கி வந்து பார்த்தார். மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் தொழில் கைவிடவில்லை. "பெரிசா வர இருந்தது அம்மா, சின்னனாப் போச்சுது. கண்ணூறு கழிஞ்சுது எண்டு நினையுங்கோ" என்று சொல்லி, அம்மாவின் நெற்றியில் விபூதி பூசி, தன் காப்புறுதி விவரத்தையும் கொடுத்துவிட்டு, நல்ல நேரம் போகிறது என்று வாழைக்குட்டிகளோடு புறப்பட்டுப் போனார். அம்மா அவருக்கு நன்றி வேறு சொன்னார். காரை எங்கள் கொம்பனியின் வண்டி வந்து மாலையோடு இழுத்துப் போனது. அப்பா அந்த வண்டி எவ்வளவு சீக்கிரம் வந்தது என்று பார்த்துப் பெருமைப்பட்டார்.

இனி இது கொம்பனியின் வேலை. நான் அதில் கை வைக்கக் கூடாது. உறவினர் ஒருவரின் கோப்பைத் திறந்தால் வேலை போய்விடும். அம்மாவின் கோப்பு எனக்கு எதிர் மேசையில் இருந்த சக ஊழியருக்குப் போனது. வடக்கே பண்ணையொன்றில் வளர்ந்த பெண். நல்லவள், பொறுமைசாலி, கேட்டதைக் கேட்டபடியே எழுதுவாள். அந்தக் கடைசிக் குணம்தான் எங்கள் குடும்பத்தைச் சந்திக்கு இழுத்தது.

அவள் அம்மாவை அழைத்து வாக்குமூலம் எடுத்தாள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டாளாம். அம்மா பேக்கரியில் ஆங்கிலம் பேசுகிறவர், அதெல்லாம் வேண்டாம் என்றாராம். அன்று மாலை அம்மா மிகுந்த திருப்தியோடு இருந்தார். அருமையான பிள்ளை, ஆறுதலாகக் கேட்டாள், நானும் எல்லாத்துக்கும் ஓம், ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னார். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

யாழ்ப்பாணத்து மனுசர் தொலைபேசியில் ஓம் என்றால் அது சம்மதம் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன், லைன் அறுந்து போகவில்லை, நீ மேலே சொல்லு என்று அர்த்தம். யோசிக்க நேரம் வேண்டும் என்றாலும் ஓம்தான். கேள்வி விளங்காவிட்டால் இன்னும் நீளமான ஓம். பண்ணையில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்?

முதலில் வந்தது வீட்டுக் காப்புறுதிப் பிரிவின் அழைப்பு. ஓர் இளைஞன் அம்மாவுக்கு வாழ்த்துச் சொன்னான். நீங்கள் எங்கள் வீட்டுக் காப்புறுதியில் இவ்வளவு ஆர்வம் காட்டியதாகக் குறிப்பு வந்திருக்கிறது, காரையும் வீட்டையும் சேர்த்து எடுத்தால் கட்டணத்தில் கழிவு உண்டு என்றான். அம்மா அதற்கும் ஓம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தொலைபேசியைப் பறித்து, நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம் என்று சொல்லி வைத்தேன். வியாபாரத்தைக் கெடுக்கிறாய் என்று அப்பா என்னைக் குறை சொன்னார்.

அதற்கு அடுத்த நாள், நாங்கள் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எதிர் மேசைக்காரியே அழைத்தாள். அம்மாவின் கை முழுக்கக் குழம்பு. ஸ்பீக்கரில் போட்டார். வாக்குமூலத்தை ஒருதரம் சரிபார்க்கிறேன் என்று அவள் வாசிக்கத் தொடங்கினாள். விபத்து எங்கே நடந்தது, வீட்டில். அப்போது நீங்கள் எங்கே போய்க்கொண்டிருந்தீர்கள், வீட்டுக்கு. மற்ற ஓட்டுநர் எங்கிருந்து வந்தார், வீட்டில் இருந்து. அவர் உங்களுக்கு எப்படிப் பழக்கம், வீட்டில்.

இங்கே அவள் கொஞ்சம் தயங்கினாள். உங்கள் தனிப்பட்ட வாழ்க்கையில் தலையிட எங்களுக்கு விருப்பமில்லை, எல்லா விதமான குடும்பங்களையும் எங்கள் கொம்பனி மதிக்கிறது என்றாள். ஆனால் அந்த மதகுருவும் உங்களோடு ஒரே வீட்டில் குடியிருப்பதால், அவரையும் உங்கள் வீட்டு ஓட்டுநராகச் சேர்க்க வேண்டும், அதுதான் சட்டம் என்றாள்.

அப்பாவுக்குப் புட்டு மூக்கால் வந்தது.

ஓமை ஹோம் என்று எழுதிவிட்டார்கள் என்று எனக்கு அந்த நேரத்தில்தான் பிடிபட்டது. சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. அப்பாவுக்கு முதுகில் தட்டிக் கொடுத்துக்கொண்டே, தப்பாக விளங்கிவிட்டது, மொழிபெயர்ப்பாளரோடு திரும்ப எடுங்கள் என்று சொன்னேன். அவளும் ஒத்துக்கொண்டாள். ஆனால் ஒன்றை வடிவாகச் சொல்லிவிட்டே வைத்தாள். யார் யாரை இடித்தது என்று இதுவரை அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐயரும் தான் மெதுவாக வந்ததாக மட்டும்தான் சொல்லியிருக்கிறார். அடுத்த வாக்குமூலத்திலும் தெளிவாக வராவிட்டால் பிழை அம்மாவின் பக்கம்தான் எழுதப்படும்.

அதாவது கார் திரும்பி வராது. நான் சிரிப்பை நிறுத்தினேன்.

இது விளங்கியதும் அம்மா ஐயர் இடித்ததை உடனே சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, ஐயரில் பிழை சொல்ல மாட்டேன் என்றார். அவர் பூசை செய்த கை, அவர்மேல் பழி போட்டால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது என்றார். உண்மையைச் சொல்வதில் என்ன பாவம் என்று கேட்டேன். அதெல்லாம் உனக்கு விளங்காது என்றார். அப்பாவோ உள்ளூரக் குளிர்ந்து போயிருந்தார். அதுதான் சரி, பேசாமல் விடும், நாங்களே எங்கட கொம்பனியில் காசு கேட்பது அழகோ என்று அம்மாவுக்குப் புத்தி சொன்னார். அந்தக் கட்டடத்தில் ஒரு கதவுப்பிடியின் முக்கால்வாசி கூட உங்களுக்குச் சொந்தமில்லை என்று நான் கத்தினேன். முதலாளியிடம் அப்படிப் பேசக்கூடாது என்று அவர் சொன்னார். அவர் பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மொழிபெயர்ப்பாளருக்கு நாள் கிடைக்கக் கொஞ்சம் தாமதமானது. அதற்குள் பனி கொட்டத் தொடங்கிவிட்டது. அம்மா திரும்பவும் பஸ்ஸுக்குப் போனார். ஒரு நாள் நடு பஸ் வரவே இல்லை. அம்மா பேக்கரிக்குப் பாதி வழி நடந்து, ஏலாமல் திரும்பி, காது மடல் சிவந்து, கால்விரல் மரத்துப்போய் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு முறைப்பாடும் இல்லை. வேறு வேலை பார்க்கலாமோ என்று மட்டும் கேட்டார். பேக்கரி வேலை அம்மாவுக்குப் பிடித்த வேலை. எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. ஐயர் மேல், அப்பா மேல், வாழைக்குட்டிகள் மேலும்கூட.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். தூய தமிழில் தொடங்கினார். தங்கள் வாகனம், தங்கள் பயணம், தங்கள் பதில் ஆம் அல்லது இல்லை என்று அமையலாம். அம்மா ஓம் என்றார். அவர் ஆம் என்று திருத்தி, அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொரு ஓமும் இப்படித் திருத்தப்பட்டு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. தொலைபேசி சாப்பாட்டு மேசையின் நடுவில் கிடந்தது. ஒரு பக்கம் நான், மறு பக்கம் அப்பா. நான் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், அப்பா வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

கடைசியில் அந்தக் கேள்வி வந்தது. தங்கள் வாகனத்தின் மீது மோதியவர் யார்?

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அம்மா சொன்னார்:

"ஐயர் அடிக்கேல்லைத் தம்பி. அவர் நல்ல மனுசன். அவற்ற வான்தான் பின்னுக்கு வந்து அடிச்சது."

மொழிபெயர்ப்பாளர் ஒரு கணம் யோசித்தார். வான் தானாகவே வந்ததா என்று கேட்டார். இல்லை, ஐயர் உள்ளுக்குள் இருந்தவர்தான் என்று அம்மா ஒத்துக்கொண்டார். அவர் பின்னால் பார்த்தாரா? பார்த்திருப்பார், ஆனால் வாழைக்குட்டியைத்தான் பார்த்திருப்பார். அப்போது தங்கள் வாகனம் பின்னோக்கி வந்ததா? எனக்குப் பின்னுக்கு எடுக்கவே ஒழுங்காத் தெரியாது, நான் நேரே வந்தேன். மறுமுனையில் எதிர் மேசைக்காரி தட்டச்சு செய்யும் சத்தம் மழை மாதிரிக் கேட்டது. ஐயரைக் குற்றம் சொல்லாமல் அவருடைய வானைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய அம்மாவைப் பார்த்து எனக்குக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

முடியப் போகும் நேரத்தில் அவள் இன்னொன்று கேட்டாள், மொழிபெயர்ப்பாளர் சொன்னார். இடிபட்டது யாருடைய வாகனம் என்று பதிவுக்காகச் சொல்லுங்கள்.

அப்பா முன்னுக்குக் குனிந்தார். "எங்கட கார் எண்டு சொல்லும்" என்று அம்மாவுக்கு மெல்லமாகச் சொன்னார்.

மொழிபெயர்ப்பாளருக்கு அது கேட்டுவிட்டது. குடும்ப வாகனமா என்று கேட்டார்.

"இல்லைத் தம்பி," என்றார் அம்மா. "என்ர கார்."

எங்கள் வீட்டில் எல்லாமே எங்கட. எங்கட குசினி, எங்கட சம்பளம், அம்மா முழங்கால் நோவுக்குப் பூசும் எங்கட தைலம். என்னைக்கூட எங்கட பிள்ளை என்றுதான் அம்மா சொல்வார். அதுவரை அம்மா வாயில் இருந்து என்ர என்று நான் கேட்டதெல்லாம் என்ர கடவுளே, என்ர தலைவிதி இரண்டும்தான். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க எழும்பிப் போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்தேன்.

பிழை அம்மாவில் இல்லை என்று முடிவானது. கொம்பனி காரைத் திருத்தித் தந்தது. அதை எடுக்கப் போன அன்று அப்பாவும் கூடவே வந்தார். கராஜில் கதவைத் தட்டிப் பார்த்தார், பெயின்ற் சரியாக அடித்திருக்கிறார்களா என்று குனிந்து பார்த்தார், எங்கட ஆட்கள் நல்லாத்தான் செய்திருக்கிறார்கள் என்று பாராட்டினார். பிறகு வழக்கம் போல அம்மாவிடம் சாவிக்காகக் கையை நீட்டினார்.

அம்மா அந்தக் கையைப் பார்த்துவிட்டு, சுற்றிப் போய் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அப்பா பிறகு கையை ஜாக்கெட் பைக்குள் போட்டுக்கொண்டு மறுபக்கம் போய் ஏறினார். நான் பின்னால் ஏறினேன். அம்மா காரை ஸ்டார்ட் செய்தார், ஆனால் எடுக்கவில்லை. கண்ணாடியைச் சரி செய்தார். என்ன, ஏதும் பிழையோ என்று அப்பா கேட்டார்.

"பெல்ற்றைப் போடுங்கோ" என்றார் அம்மா.

முதலாளி பெல்ற்றைப் போட்டார்.